மணலியில் ஈரானுக்கு ஒரு பங்கு

போன செமஸ்டர்ல ஒரு கோர் கம்பெனி இன்டர்வியூ. பேர் வேண்டாம், நாளைக்கு ஜூனியர்ஸும் அங்க போய் உட்காரணும். தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் ஓரளவு சமாளிச்சுட்டேன். கடைசியில பேனல்ல இருந்த வயசான ஒருத்தர் என் ஃபைலை மூடி வச்சுட்டு சாதாரணமா கேட்டார்.

"எங்கிருந்து வர்றீங்க தம்பி?"

"உக்கடம் சார்."

"எதுல வந்தீங்க?"

"பைக்ல சார்."

"அந்த பைக்குல இருக்கற பெட்ரோல் எங்கிருந்து வந்துச்சு?"

'பங்க்ல இருந்து சார்'னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டு "சவுதி சார்"னேன். அவர் சிரிச்சார். "சவுதியில இருந்து வர்றது கச்சா எண்ணெய். அதை ஊத்தினா வண்டி உக்கடம் பாலத்தைத் தாண்டுமா?"

நான் செலக்ட் ஆகலை. அந்த ஒரு கேள்வியாலதான்னு சொல்ல மாட்டேன். ஆனா ஐ.சி. இன்ஜினோட நாலு ஸ்ட்ரோக்கையும் தூக்கத்துல வரைவேன். அதுக்குள்ள எரியற பொருள் எங்க ஆகுது, யார் பண்றாங்கன்னு தெரியலை. அது உறுத்துச்சு. தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இது பெட்ரோல் கதை மட்டும் இல்லைன்னு புரிஞ்சுது. ஒரு சுத்திகரிப்பு ஆலைங்கறது முதல்ல ஒரு ஒப்பந்தம், அப்புறம்தான் இயந்திரம். தமிழ்நாட்டோட பெரிய ஆலையான மணலி சி.பி.சி.எல்.லை வச்சு அதைச் சொல்றேன், வாங்க.

முதல்ல அஞ்சு நிமிஷம் கெமிஸ்ட்ரி

கெமிக்கல் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம்.

கச்சா எண்ணெய்ங்கறது ஒரே பொருள் இல்லை. சின்னதும் பெருசுமா நூத்துக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்து கிடக்கற குழம்பு அது. ஒவ்வொண்ணுக்கும் கொதிநிலை வேற. குழம்பைச் சுமார் 350 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி உயரமான ஒரு டவருக்குள்ள விடுவாங்க. ஆவி மேல போகப் போகக் குளிரும். லேசான சமையல் கேஸும் நாப்தாவும் உச்சியில, அதுக்குக் கீழ மண்ணெண்ணெய், அதுக்கும் கீழ டீசல்னு தட்டுத் தட்டாப் பிரியும். அடியில தங்கற கெட்டியான மிச்சத்தை வெற்றிடத்துல மறுபடி காய்ச்சி, லூப்ரிகன்ட்டுக்கான மூல எண்ணெய், தார்னு எடுப்பாங்க. மெழுகுவர்த்திக்கான பாரஃபின் மெழுகும் இந்த வழியில வர்றதுதான்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். எல்லா கச்சா எண்ணெயும் ஒண்ணு இல்லை. ஒரு வயல்ல லேசா இருக்கும், இன்னொரு வயல்ல கெட்டியா இருக்கும். ஒண்ணுல கந்தகம் கம்மி, இன்னொண்ணுல அதிகம். பொன்னி அரிசிக்குப் போட்ட தண்ணிக் கணக்குல பாசுமதியை வேக வச்சா என்ன ஆகும்? அதே மாதிரிதான். எந்த வயல் எண்ணெய் வரப் போகுதுன்னு தெரிஞ்சாதான் டவரோட அளவு, பம்பு, கந்தகம் அரிக்காத உலோகம் எல்லாத்தையும் முடிவு பண்ண முடியும். ஒரு ஆலையை டிசைன் பண்ணும்போதே "நான் இவங்க கிட்டதான் எண்ணெய் வாங்கப் போறேன்"னு பாதிக் கையெழுத்துப் போட்டாச்சுன்னு அர்த்தம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எம்டன் சுட்டது என்ன?

யாராவது கில்லாடியா இருந்தா நம்மூர்ல "அவன் எம்டன்டா"ன்னு சொல்வாங்க இல்லையா? அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலோட பேர். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்தக் கப்பல் மெட்ராஸ் கடற்கரைக்கு வந்து குண்டு போட்டுச்சு. குறி வச்சது பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளை. தொட்டிகள் பத்தி எரிஞ்சுது, ஜனங்க ஊரை விட்டு ஓடினாங்க, தமிழுக்கு ஒரு புது வார்த்தை கிடைச்சுது.

யோசிச்சுப் பாருங்க, ஏன் பர்மா? அன்னைக்கு நம்ம பாட்டன் பூட்டன் விளக்குல ஊத்தின மண்ணெண்ணெய், ரங்கூன் பக்கத்துல சிரியம்ங்கற ஊர்ல இருந்த ஆலையில சுத்திகரிச்சு கப்பல்ல வந்தது. சீமையில இருந்து வர்ற எண்ணெய்ங்கறதால அதுக்குச் சீமெண்ணெய்னே பேர் ஆச்சு. இந்தியாவுக்குள்ள அசாம் டிக்பாய்ல 1901-லேயே ஒரு ஆலை வந்துருச்சு. ஆனா மெட்ராஸுக்கு எண்ணெய் கடல்ல இருந்து வர்ற பண்டம்தான். ஆலையும் வேற ஊர், முதலாளியும் வேற ஊர், நமக்குத் தொட்டி மட்டும்.

சுதந்திரத்துக்கு அப்புறம் மூணு வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்க ஆலை கட்ட ஒத்துக்கிட்டாங்க. பம்பாய் டிராம்பேல 1954-ல எஸ்ஸோவோட ஆலை, 1955-ல பர்மா ஷெல், விசாகப்பட்டினத்துல 1957-ல கால்டெக்ஸ். ஆலை நம்ம மண்ணுக்கு வந்துருச்சு. ஆனா எந்த எண்ணெயைக் காய்ச்சணும், என்ன விலைங்கறது அவங்க கையில.

அது எவ்வளவு பெரிய விஷயம்னு 1960-ல தெரிஞ்சுது. சோவியத் யூனியன் குறைஞ்ச விலைக்கு கச்சா எண்ணெய் தர்றேன்னு சொன்னப்ப, இந்திய அரசு இந்த மூணு கம்பெனிகளையும் அதைச் சுத்திகரிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. மூணு பேரும் மாட்டேன்னுட்டாங்க. அவங்களுக்குச் சொந்த எண்ணெய் வயல்கள் இருந்துச்சு, அந்த எண்ணெயை விக்கத்தானே இங்க ஆலை கட்டியிருக்காங்க! நம்ம நாட்டுக்குள்ள இருக்கற ஆலை, நம்ம நாடு வாங்கற எண்ணெயைக் காய்ச்சாது. இந்தச் சூடு பட்ட அரசு, அடுத்து வர்ற ஆலைகள்ல பெரும்பங்கு தன்கிட்டதான் இருக்கணும்ங்கற பாதையில உறுதியாப் போச்சு. குவாஹாத்தி 1962, பரௌனி 1964, கோயலி 1965. ருமேனியாவும் சோவியத்தும் தொழில்நுட்பம் கொடுத்தாங்க.

தெற்குல? இங்கதான் ஈரான் உள்ள வருது.

நடுவுல ஒரு ஜப்பான் கப்பல்

ஈரான் கதைக்கு ஜப்பான் வழியாப் போனா சுலபமாப் புரியும். ஜப்பானும் நம்மள மாதிரிதான், தேவை மலையளவு, சொந்த எண்ணெய் சொற்பம். அங்க இதெமிட்சுன்னு ஒரு கம்பெனி. 1911-ல சாசோ இதெமிட்சுங்கறவர் மோஜி துறைமுகத்துல ஆரம்பிச்ச எண்ணெய்க் கடை. இன்னைக்கு ஜப்பானோட பெரிய சுத்திகரிப்புக் கம்பெனிகள்ல ஒண்ணு.

1951-ல ஈரான் பிரதமர் மொசாதெக், பிரிட்டன் கையில இருந்த ஆங்கிலோ-ஈரானியன் ஆயில் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டன் கோபத்துல "ஈரான் எண்ணெயை யார் வாங்கினாலும் அது திருட்டுப் பொருள்"னு சொல்லி வழியை அடைச்சுது. பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒதுங்கிட்டாங்க. இதெமிட்சு மட்டும் 1953-ல நிஷோ மாருங்கற தன் கப்பலைச் சத்தமில்லாம ஈரானோட அபாதான் துறைமுகத்துக்கு அனுப்பினார். ஏப்ரல்ல சரக்கை ஏத்திக்கிட்டு மே மாசம் கப்பல் பத்திரமா ஜப்பான் திரும்புச்சு. ஆங்கிலோ-ஈரானியன் டோக்கியோ கோர்ட்டுல வழக்குப் போட்டுத் தோத்துப் போச்சு.

ஆனா அதே வருஷம் ஆகஸ்ட்ல மொசாதெக் ஆட்சி கவிழ்க்கப்பட்டுச்சு. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஈரானுக்குத் திரும்பினாங்க. ஆனாலும் ஈரானுக்குன்னு உருவான தேசிய எண்ணெய்க் கம்பெனி நிலைச்சுது. அதுக்கு இப்ப பெரிய கம்பெனிகளைத் தாண்டி, நேரடியா எண்ணெய் வாங்கற நிரந்தர வாடிக்கையாளர் வேணும். ஜப்பான்ல ஒரு தனி ஆள் கப்பல் அனுப்பி ஈரானைப் பிடிச்சார். இந்தியா வேற ரூட் எடுத்துச்சு, ஈரானை ஆலையிலயே பங்காளி ஆக்கிருச்சு.

மூணு கையெழுத்து

1965 டிசம்பர் 30. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் பதிவாச்சு. இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவோட அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13.

ஏன் இந்த ரெண்டு பேர்? இது தெரிஞ்சப்ப எனக்கே ஒரு 'அட!' வந்துச்சு. பாரசீக வளைகுடாவுல டேரியஸ்னு ஒரு கடல் எண்ணெய் வயல். அதைக் கண்டுபிடிச்சு எண்ணெய் எடுத்தது ஈரான் தேசியக் கம்பெனியும் அமோகோ குழுமமும் பாதிப் பாதி சேர்ந்து வச்சிருந்த கூட்டுக் கம்பெனி. அவங்க கிட்ட எண்ணெய் இருக்கு, ஆள் வேணும். நம்ம கிட்ட ஆள் இருக்கு, எண்ணெய், பணம், தொழில்நுட்பம் மூணும் வேணும். மணலி ஆலை டேரியஸ் எண்ணெய்க்குன்னே டிசைன் ஆச்சு. அந்த 13 சதவீதம் வெறும் முதலீடு இல்லைங்க, பல வருஷத்துக்கு ஒரு உறுதியான வாடிக்கையாளரைப் பிடிச்சு வைக்கற முன்பணம்.

பெரும்பங்கு நம்ம கையில இருந்ததால 1960 மாதிரி "மாட்டேன்"னு யாரும் சொல்ல முடியாது. ஆனா டிசைன் வழியா எண்ணெய் யாருதுன்னு முடிவாயிருச்சு. முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அது இதுதான்.

ஆலை கட்ட ஆன நேரம் 27 மாசம், செலவு 43 கோடி ரூபாய். சொன்ன நாள்ல, சொன்ன காசுல முடிச்சாங்க. நம்ம உக்கடம் மேம்பாலத்துக்குக் கீழ வருஷக்கணக்கா டைவர்ஷன்ல சுத்தினவங்களுக்கு இதோட அருமை புரியும். 1969-ல ஓட ஆரம்பிச்சுது, வருஷத்துக்கு 25 லட்சம் டன். நாள் கணக்குல சுமார் 6,850 டன் கச்சா எண்ணெய்.

பொட்டல் காடு தொழிற்பேட்டை ஆன விதம்

ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்தா அது தனியா நிக்காது. ஸ்பின்னிங் மில் வந்ததும் பக்கத்துல ஃபவுண்டரி, பம்பு, மோட்டார்னு நம்ம கோயம்புத்தூர் வளர்ந்த மாதிரிதான்.

மணலியில முதல் பக்கத்து வீடு உரம். 1966 டிசம்பர்ல மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் பதிவாச்சு, இந்திய அரசும் அதே அமோகோவும் சேர்ந்து. சுத்திகரிப்பு ஆலையோட நாப்தாவை வச்சு அமோனியா, அதுல இருந்து யூரியா. அப்ப மத்திய உணவு, விவசாய அமைச்சர் யாரு தெரியுமா? பொள்ளாச்சி பக்கத்துல இருந்து போன சி.சுப்பிரமணியம். புது ரகக் கோதுமையும் நெல்லும் உரம் இல்லாம விளையாது, நாட்டுல உரம் பத்தாத நேரம் அது. தோட்டம் வச்சிருக்கற வீட்டுப் பசங்க 'விஜய்' உர மூட்டையைப் பார்த்திருப்பீங்க. அது மணலிச் சரக்கு. நாப்தாவை விட்டுட்டு அந்த ஆலை இயற்கை எரிவாயுவுக்கு மாறினது 2019-லதான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, ஈரான் வயல்ல இருந்தும் மத்த வயல்கள்ல இருந்தும் வந்த எண்ணெயோட ஒரு பங்கு தமிழ்நாட்டு வயலுக்கு உரமாப் போயிருக்கு.

அப்புறம் துணி சோப்புத் தூளுக்கான மூலப்பொருள் செய்யற தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ், மெத்தைக்கான நுரைப்பஞ்சு வேதிப்பொருள் செய்யற மணலி பெட்ரோகெமிக்கல்ஸ்னு வரிசையா வந்துச்சு. வீட்டுல தேடிப் பாருங்க, மணலி தொடாத பொருள் கம்மி.

பங்காளிகள் போனாங்க, குழாய் நின்னுச்சு

ஆலை வளர்ந்துச்சு. 1980-களோட நடுவுல 56 லட்சம் டன், 90-கள்ல 65 லட்சம், 2000-களோட நடுவுல 95 லட்சம், இப்ப 1 கோடியே 5 லட்சம் டன். 1993-ல நாகப்பட்டினம் பனங்குடியில ஒரு குட்டி ஆலையும் வந்துச்சு. காவிரிப் படுகையில கிடைக்கற எண்ணெய்க்காக.

பங்காளிகள் கதை வேற மாதிரி போச்சு.

1979-ல ஈரான்ல புரட்சி. ஷா ஓடிட்டார், அமெரிக்கக் கம்பெனிகள் வெளியேறின. மணலியில ஒரே மேஜையில உட்கார்ந்த அமெரிக்காவும் ஈரானும் உலகத்துலயே பெரிய பகையாளிகள் ஆயிட்டாங்க. 1985-ல அமோகோ தன் பங்கை இந்திய அரசுக்கே கொடுத்துட்டுக் கிளம்பிருச்சு. கணக்கு மாறி ஈரான் பங்கு 15 சதவீதத்துக்கு மேல ஆச்சு. 1994-ல பொதுமக்களுக்கும் பங்கு வித்தாங்க. 2000-ல பேர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்னு மாறிச்சு. 2000-01 நிதியாண்டுல அரசோட பங்கு இந்தியன் ஆயில் கைக்குப் போச்சு.

அமோகோ என்ன ஆச்சுன்னு கேளுங்க. 1998-ல பி.பி.யோட இணைஞ்சுருச்சு. பி.பி. யாரு? ஈரான் 1951-ல நாட்டுடைமை ஆக்கின அதே ஆங்கிலோ-ஈரானியன்! எங்க ஆரம்பிச்சோமோ அங்கயே வந்து நின்னோம்.

இதுல எனக்குத் தூக்கம் வராம பண்ணின விஷயம் இது. அமெரிக்கத் தடை காரணமா 2019 மே மாசத்தோட இந்தியா ஈரான் எண்ணெய் வாங்கறதை நிறுத்துச்சு. ஈரான் எண்ணெய்க்குன்னே பொறந்த ஆலைக்கு ஈரான் எண்ணெய் நின்னுபோச்சு. ஆனா ஈரானோட 15.4 சதவீதப் பங்கு அப்படியேதான் இருந்துச்சு. எண்ணெய் விக்கறதுக்காகப் பங்கு வாங்கினவங்க, எண்ணெய் விக்க முடியாம பங்கு மட்டும் கையில வச்சிருக்காங்க.

ஆலை மூடலையே, எப்படி? அங்கதான் இன்ஜினியருங்க வேலை இருக்கு. சதாம் காலம், வளைகுடாப் போர், தடைன்னு ஒவ்வொரு தடவை ஒரு வழி அடைபட்டப்பவும், வேற வயல் எண்ணெயைக் காய்ச்ச ஆலையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கியிருக்காங்க. கந்தகம் நீக்கற யூனிட், கெட்டி மிச்சத்தை உடைச்சு டீசல் எடுக்கற யூனிட்னு சேர்த்துக்கிட்டே போனாங்க. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்ப பெட்ரோல், டீசல்ல கந்தகம் 50 பி.பி.எம்.ல இருந்து 10-க்கு இறங்கணும். பங்க்ல நமக்கு நிறம் கூட மாறின மாதிரி தெரியலை. ஆலைக்குள்ள அது பெரிய அறுவை சிகிச்சை.

தண்ணிக்கு எங்க போறது?

சுத்திகரிப்பு ஆலைக்கு எண்ணெய்க்கு அடுத்தபடியா வேண்டியது தண்ணி. நீராவிக்கும் குளிர வைக்கறதுக்கும். ஊரே குடத்தோட லாரிக்கு நிக்கற சென்னையில அதை எங்க வாங்கறது?

1990-களோட ஆரம்பத்துல மணலி ஆலை ஒரு வேலை பண்ணுச்சு. கொடுங்கையூர்ல இருந்து சென்னையோட சாக்கடைத் தண்ணியை விலைக்கு வாங்கி, பல கட்டமாச் சுத்தம் பண்ணி, ஆர்.ஓ. வரைக்கும் கொண்டு போய், ஆலைக்குப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. ஒரு நாளைக்கு 25 லட்சம் கேலன். அப்புறம் காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிநீர் மாதிரி ஆக்கற நிலையமும் போட்டாங்க.

உக்கடம் பைபாஸ்ல சாயங்காலம் போறவங்களுக்கு நம்ம கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோட வாசம் தெரியும். 70 எம்.எல்.டி., அதாவது நாளைக்கு 7 கோடி லிட்டர் அதோட கொள்ளளவு. மணலிக்காரங்க முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது ஒரு கோடி லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடற சிவில், கெமிக்கல் ஜூனியர்ஸ் இந்தப் பத்தியை ரெண்டாவது தடவை படிங்க.

கையெழுத்துப் போடாதவங்க

இதோட முடிச்சா கம்பெனியோட ஆண்டறிக்கை மாதிரி ஆயிரும். முடிக்க முடியாது.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது மூணு பேர். ஆனா ஆலைக்குப் பக்கத்துல வாழறவங்க அதுல இல்லை. 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டுலயே கடுமையா மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டப்ப மணலியும் அதுல வந்துச்சு. மணலியை உச்சுக் கொட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், அதே பட்டியல்ல கோயம்புத்தூரும் இருந்துச்சு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட சேர்ந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் பரவுச்சு. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மீனவர்கள் வாளியும் மக்கும் வச்சு எண்ணெயை அள்ளின வீடியோவை நம்ம எல்லாரும் ஃபோன்ல பார்த்தோம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சி.பி.சி.எல். பக்கம் கை காட்டுச்சு. எங்க குழாய்ல கசிவு இல்லைன்னு கம்பெனி சொல்லுச்சு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாவே விசாரணைக்கு எடுத்துச்சு. யார் எவ்வளவு பொறுப்புங்கறதை அவங்க சொல்லட்டும். எனக்குக் கேள்வி வேற. வடசென்னையில வெள்ளம் வரும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். டன் டன்னா எண்ணெய் வச்சிருக்கற இடத்துல, மழைத்தண்ணியும் எண்ணெயும் கலக்காம பார்த்துக்கற வடிகாலை எந்த மழைக்குக் கணக்குப் போட்டு டிசைன் பண்ணணும்? டேரியஸ் எண்ணெய்க்கு அவ்வளவு நுணுக்கமாக் கணக்குப் போட்டவங்க நம்ம ஆளுங்கதானே. அதே அக்கறை வடிகாலுக்கும் வேணும் இல்லையா?

நாகப்பட்டினத்துல பழைய குட்டி ஆலை இருந்த இடத்துல வருஷத்துக்கு 90 லட்சம் டன்னுக்கு ஒரு புது ஆலை திட்டம். 2021 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. அங்கயும் நிலம் கொடுக்கறவங்களோட இழப்பீட்டுப் பிரச்சினை பெருசா வந்துச்சு. நம்ம பக்கமும் அப்படித்தான். இருகூர்ல இருந்து கர்நாடகாவோட தேவனகொந்திக்குப் போற எண்ணெய்க் குழாயைத் தோட்டத்துக்குள்ள போடாதீங்க, ரோட்டோரமாப் போடுங்கன்னு கோவை, திருப்பூர் விவசாயிகள் போராடினாங்க. ப்ளூபிரிண்ட்ல அது ஒரு நேர்கோடு. தென்னந்தோப்பு வச்சிருக்கற ஒருத்தருக்கு அந்தக் கோட்டுக்கு மேல இனி மரம் வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது.

சரி, என் பைக்குல இருந்தது என்ன?

இப்ப அந்தப் பெரியவரோட கேள்விக்கு வர்றேன்.

கோயம்புத்தூருக்கு பெட்ரோல் வர்ற முக்கியமான வழி மணலி இல்லை. கொச்சி பக்கத்துல அம்பலமுகள் ஆலை. அதுவும் இதே குடும்பக் கதைதான். 1963-ல இந்திய அரசும் அமெரிக்காவோட ஃபிலிப்ஸ் பெட்ரோலியமும் சேர்ந்து ஆரம்பிச்சு, 1966-ல ஓட ஆரம்பிச்சது. இப்ப பாரத் பெட்ரோலியம் கையில இருக்கு. அந்த பாரத் பெட்ரோலியம் யாருன்னா, 1960-ல "மாட்டேன்"னு சொன்ன மூணு பேர்ல ஒருத்தரான பர்மா ஷெல்தான், 1976-ல அரசு எடுத்துக்கிட்டு அப்புறம் பேர் மாத்தினது. உலகம் ரொம்பச் சின்னது.

அம்பலமுகள்ல இருந்து ஒரு குழாய் பாலக்காட்டுக் கணவாய் வழியா நம்ம இருகூருக்கு வந்து, அங்கிருந்து கரூர் வரைக்கும் போகுது. மொத்தம் 290 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. 2002-ல இருந்து ஓடுது. உக்கடத்துல பாலக்காடு பஸ் ஏறினா, அதே கணவாய்லதான் எதிர்த் திசையில போறீங்க. ஒரே குழாய்ல பெட்ரோல், டீசல் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். நடுவுல தடுப்பு எதுவும் கிடையாது. ரெண்டும் சேர்ற இடத்துல கொஞ்ச தூரம் கலந்துரும், அந்தக் கலவையை மட்டும் அடர்த்தி பார்த்துத் தனியாப் பிரிச்சு எடுத்துருவாங்க. இருகூர்ல டேங்கர் லாரி நிரப்பி உக்கடம் பங்க்குக்கு.

மணலி சரக்கு குழாய் வழியா திருச்சி, மதுரைக்குப் போகுது. சங்ககிரிக்கும் ஒரு கிளை உண்டு. அதனால நம்ம கொங்கு நாட்டுல கோயம்புத்தூர்க்காரன் வண்டியில கொச்சியும், சேலத்துக்காரன் வண்டியில மணலியும் ஓட வாய்ப்பு அதிகம்.

மணலி நம்ம பக்கம் வேற ரூபத்துல வந்திருக்கு. உக்கடத்துல பழனி பஸ் ஏறுங்க. உடுமலை தாண்டிப் பழனிக்கு முன்னாடி புஷ்பத்தூர்னு ஒரு ஊர். அங்க சுத்தற காத்தாடிகள்ல 17.6 மெகாவாட் சி.பி.சி.எல்.லோடது. எண்ணெய்க் கம்பெனியோட காத்தாடி! ஈரான் எண்ணெய்க்குப் பிறந்து, சாக்கடைத் தண்ணி வாங்கி, கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணி, இப்ப பாலக்காட்டுக் காத்தையும் பிடிக்குது.

அடுத்த வருஷம் உங்களை யாராவது "பெட்ரோல் எங்கிருந்து வருது"ன்னு கேட்டா, சவுதின்னு சொல்லி மாட்டிக்காதீங்க. கச்சா எண்ணெய் எந்த நாடு, எந்த ஆலை, எந்தக் குழாய், யார் தோட்டத்து வழியான்னு நாலும் சொல்லுங்க. கேக்கறவர் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்கு இன்னும் ஒரு இன்டர்வியூ பாக்கி இருக்கு. இந்தத் தடவை பஸ்லதான் போறேன். டீசலைப் பத்திக் கேக்கட்டும், பார்த்துக்கலாம்.